எனக்கும் தெரியலைப்பா!

திருச்சியிலிருந்து அம்மா போன். "உங்கப்பா பத்து நாளா காரை எடுக்கலைடா. கேட்டா பெட்ரோல் விலைங்கறார்."

நம்பமுடியவில்லை. பெட்ரோல் விலை ஏறினால் அப்பா திட்டுவார்; வண்டியை நிறுத்த மாட்டார். 2006 மாடல் கார் அது. வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் மூன்றையும் நீளமான கணக்கு நோட்டில் எழுதிவிடுவார். பி.காம். படித்தது நான், லெட்ஜர் போடுவது அவர்.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், முதல் வேலையாக நோட்டைப் புரட்டினேன். கடைசி வரியில் இருந்தது: 1,12,4?6.

அப்பாவின் கணக்கில் கேள்விக்குறி! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டதும் சொல்லிவிட்டார். "மீட்டர் மங்கலாத் தெரியுதுடா. அது 3-ஆ 8-ஆன்னே புரியலை. உங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தானே கண்ணு போச்சு? நம்பரே தெரியாதவன் ரோட்டுல ஆளை ஏத்திடக் கூடாதுல்ல? அம்மாகிட்ட சொல்லாதே."

பெரியப்பாவுக்குக் கண் அழுத்த நோய். கடைசி ஐந்து வருஷம் ரேடியோதான் அவருக்கு உலகம். அப்பா பத்து நாளாக ராத்திரியில் என்ன யோசித்திருப்பார் என்பது புரிந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "சாவியைக் குடுங்க" என்றேன்.

சாவியைத் திருப்பியதும் பக்கத்து சீட்டிலிருந்து உத்தரவு: "முதல்ல லைட்டைப் போடு. இப்பல்லாம் டூவீலர்க்காரனே பகல்ல லைட்டோட போறான். நாம மட்டும் சும்மா போகலாமா?" போட்டேன். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே சின்ன ஜன்னல். கிலோமீட்டரும் மணியும் அதில்தான் தெரிய வேண்டும். பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கிணற்றுக்குள் விழுந்த சில்லறை மாதிரி ஏதோ கிடந்தது.

"அப்பா, எனக்கும் தெரியலைப்பா!"

"நிஜமாவா?" என்றார். பிளஸ் டூவில் நான் கணக்கில் சென்டம் வாங்கினபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அங்கேயே ஒரு பரீட்சையும் வைத்தேன். எதிர்ச் சாரி மருந்துக்கடை போர்டைப் படிக்கச் சொன்னால், அடியில் எறும்பு சைஸில் இருந்த லைசென்ஸ் நம்பர் வரை ஒப்பித்தார்.

ஆனாலும் ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண் அழுத்த நோய் பெரும்பாலும் ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் காட்டாது. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் சோதித்துப் பார்த்தே தீரவேண்டும். மீட்டர் மங்கினாலும் மங்காவிட்டாலும்! அழுத்தம் நார்மல். லேசாகக் கண்புரை ஆரம்பம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்.

அடுத்து மீட்டரின் கண்.

தெருமுனை மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். எட்டிப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு: "மீட்டர் போர்டையே மாத்திடலாம் சார். எட்டாயிரம். நாப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடினதுன்னு செட் பண்ணிடறேன், விக்கிறப்போ நல்ல விலை போகும்." அப்பா அவருக்குக் காபிகூடக் கொடுக்கவிடவில்லை. "இருபது வருஷமாக் கணக்கு எழுதறேன். நாப்பதாயிரமாம், நாப்பதாயிரம்!"

கடைசியில் பாலக்கரையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன். வயசானவர். காரைச் சுற்றி வந்தவர் எங்களைக் கேட்ட முதல் கேள்வி: "பகல்ல எதுக்குய்யா லைட்டு எரியுது?"

அப்பா தன் டூவீலர் சித்தாந்தத்தைச் சொன்னார். பெரியவர் சிரித்தார். 2017 ஏப்ரல் முதல் புதிதாக வரும் டூவீலர்களுக்குத்தான் தானாக எரியும் ஹெட்லைட் கட்டாயம். காருக்கு அந்தச் சட்டம் கிடையாது. தவிர, லைட் போட்டால் ராத்திரி என்று கார் நினைத்துக்கொள்ளும். இருட்டில் டிரைவர் கண் கூசக் கூடாதென்று டிஸ்ப்ளே வெளிச்சத்தைத் தானாகவே குறைக்கும். பகல் வெயிலில் அந்த ராத்திரி வெளிச்சம் எப்படித் தெரியும்? (சில வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்தில் இதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. துணியால் துடைக்கும்போது திரும்பியிருக்கலாம். செலவில்லாத வைத்தியம், முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.)

லைட்டை அணைத்தார். எண்கள் பாதி உயிர் பெற்றன. பாதிதான்.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார். எஞ்சின் ஓடாதபோது 12.5 வோல்ட், ஓடும்போது 14.1. "கரண்ட்ல குறையில்லை. உள்ளேதான்." பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகுதான் டாஷ்போர்டில் கை வைத்தார். ஏர்பேக் உள்ள வண்டியில் இந்த இரண்டையும் மறக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை எஞ்சினீயர்கள் கவனிக்கவும். முள்ளைப் பிடுங்கிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம். திரும்பச் செருகினால் ஸ்பீடு தப்பாகக் காட்டும்.

மீட்டரை வெளியே எடுத்துத் திருப்பினால், முதுகில் கட்டைவிரல் நகம் அளவு சாக்கெட்டுகள். கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வருகிறது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இரண்டு பல்புகளில் ஒன்று இழை அறுந்து போயிருந்தது. இன்னொன்றின் கண்ணாடி உள்பக்கம் கறுத்து, குத்துவிளக்குப் புகை படிந்த சுவர் போல. இழையில் உள்ள டங்ஸ்டன்தான் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்துவிடுகிறதாம்.

"எல்.சி.டி.க்குச் சொந்த வெளிச்சம் கிடையாது தம்பி. அது வெறும் ஜன்னல் கதவு. பின்னாடி விளக்கு இருந்தாத்தான் எழுத்து தெரியும்." நீலப்பச்சையில் தானே ஒளிரும் ரகமும் உண்டு, பழைய ஜப்பான் கார் கடிகாரங்களில் பார்த்திருப்பீர்கள். 1967-லேயே ஜப்பானில் செய்த சமாசாரம். அதில் உள்ளே பூசிய பாஸ்பரே நாளாக நாளாகத் தேய்ந்துவிடும். அது மங்கினால் பல்பு மாற்றிப் பிரயோஜனமில்லை. "அதுக்கு வயசாயிடுச்சுன்னு விட்டுடணும்" என்றார் பெரியவர். அப்பா ஏனோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

எல்.இ.டி. போடலாமா என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். போடலாமாம். எரியாவிட்டால் திருப்பிச் செருகவேண்டுமாம், அதற்கு பிளஸ், மைனஸ் பேதம் உண்டு. ராத்திரியில் சரியாக மங்காமல் கண்ணைக் குத்தவும் செய்யலாம். அப்பாவுக்குப் பழைய ரகமே போதும் என்று நானே தீர்மானித்தேன்.

பல்பு இரண்டும் நாற்பது ரூபாய், கூலி முந்நூறு. சாவியைத் திருப்பினதும் பச்சை வெளிச்சத்தில் கறுப்பு எண்கள் பளிச்சென்று வந்தன. அப்பா குனிந்து, எழுத்துக்கூட்டுகிற குழந்தை மாதிரி படித்தார்: "ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து... நானூத்தித் தொண்ணூறு!"

பல்பு மாற்றியதால் கணக்கில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை; அது தனியாக நினைவில் இருக்கிற விஷயம். அவர் ஏற்கெனவே மனக்கணக்கில் இறங்கிவிட்டார். "பங்க்லேர்ந்து வீடு ரெண்டு. வீட்லேர்ந்து இங்க ரெண்டு. தொண்ணூறுல நாலு போனா..."

வீட்டுக்கு அவர்தான் ஓட்டினார். போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தார். கேள்விக்குறியை அடித்து, மேலே 8 என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டு இனிஷியலும் வைத்தார்.