மெழுகும் பளிங்கும்

வட்டக்கானலில் பனிமூட்டம் ஏறுகையில் சோலைமரமும் குளிர்கிறது, நாமும் குளிர்கிறோம். குளிரை உணர்வது நாம் மட்டுமே. 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலின் இரண்டாம் பகுதியில் அரிஸ்டாட்டில் இதற்குக் காரணம் சொல்கிறார்: தாவரம் வடிவத்தைப் பருப்பொருளோடு சேர்த்தே ஏற்கிறது, புலனோ, மோதிரத்தின் இரும்பையோ பொன்னையோ விட்டு முத்திரையை மட்டும் வாங்கும் மெழுகைப்போல, வடிவத்தை மட்டும் ஏற்கிறது.

மூன்றாம் பகுதியில் அவர் அறிவுக்கு வருகிறார். சிந்திக்கும் முன் அது செயலளவில் எதுவுமில்லை, எழுதப்படாத பலகை போன்றது என்கிறார். பின்வந்த உரைகாரர்கள் இதற்குப் 'பருப்பொருள் அறிவு' என்றே பெயரிட்டுவிட்டனர். தெளிவைவிடக் குழப்பத்தையே இப்பெயர் மிகுதியாகத் தந்தது என்பது நம் கருத்து. வெப்பத்தை ஏற்ற கல் சூடாகிறது. கல்லை அறிந்த அறிவு கல்லாவதில்லை. ஒரே கல் ஒரே வேளையில் சூடாகவும் குளிர்ந்தும் இராது. அறிவோ எதிரெதிரானவற்றைச் சேர்த்தே பிடிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இப்னு ருஷ்து அப்பெயரை வைத்துக்கொண்டே, முதற்பருப்பொருள் தான் ஏற்றதை அறியாது என்று பிரித்துக் காட்டினார். ஒப்புமை 'இன்னும் ஆகாதிருத்தல்' என்பதோடு நின்றுவிடுகிறது.

வட்டக்கானலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள செண்பகனூரில் 1895இல் தொடங்கிய சேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி, அரிஸ்டாட்டில் வழிவந்த மெய்யியலைத் தன் துறவு மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தது. அதே 1895இல்தான் நல்லசாமிப் பிள்ளையின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க ஆசை எழுகிறது.

படிக்கத் தொடங்கியதும் ஒரு சொல் இடறும். கிரேக்கரின் 'நூஸ்' என்பதை 'மனம்' என்று பெயர்த்தால் சித்தாந்தி உடனே தலையாட்டிவிடுவார். அவருக்கு மனம் அந்தக்கரணங்களுள் ஒன்று, மாயையின் காரியம், சடம். வழக்கு அத்தோடு முடிந்துபோகும்! 'அறிவு' என்று பெயர்ப்பதே முறை. அவ்வறிவுக்கு நிகரைத் தேடினால் சார்ந்ததன் வண்ணமாகும் ஆன்மாவிடமே போகவேண்டும். அங்கே உவமை பளிங்கு. புது முத்திரை பதிந்தால் மெழுகில் பழையது அழியும். பளிங்கோ செம்மலரின் நிறத்தைக் காட்டியும் சிவப்பதில்லை. நமக்கு இதுவே பொருத்தமான உவமை.

பளிங்குக்கும் சிவப்புத் தெரியாது என்பது உண்மைதான். அறிவதற்கு இன்னொன்று வேண்டும். அவ்விடத்தில் இரு மரபுமே ஒளியை அழைக்கின்றன: அரிஸ்டாட்டிலுக்கு ஒளி போன்ற செயலறிவு, சித்தாந்திக்குக் கண்ணுக்குக் கதிரவன்போல் ஆன்மாவுக்கு இறைவன். அந்த ஒளி அகத்ததா புறத்ததா என்பதில் அரிஸ்டாட்டிலின் உரைகாரர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். சித்தாந்திக்கு அந்த ஐயம் இல்லை.