ஒரு பெயர், மூன்று மொழிகள்

ஆஸ்திரேலியாவில் எக்கிட்னா என்னும் முட்டையிடும் பாலூட்டி உண்டு. அதன் பேரினத்திற்கு முதலில் 'எக்கிட்னா' என்றே பெயரிட்டனர். ஆனால் அப்பெயர் ஏற்கெனவே ஒரு விலாங்கு வகைக்கு இடப்பட்டிருந்தது. விலங்கியல் விதிப்படி ஒரே பெயர் இரு பேரினங்களுக்கு ஆகாது. ஆகவே 1811 இல் அது 'டாக்கிகிளாசஸ்' ஆயிற்று.

மொழிகளுக்கு இத்தகைய விதி இல்லை. இதனால் விளையும் தொல்லைக்கு ஆப்பிரிக்காவின் இண்டெபெலே நல்ல சான்று.

ஜிம்பாப்வேயின் புலவாயோ வட்டாரத்தில் பேசப்படுவது ஒன்று. சூலு மன்னர் ஷாக்காவைப் பிரிந்த ம்சிலிகாசி என்னும் தலைவர் தம் மக்களுடன் வடக்கே சென்று, 1840 வாக்கில் அங்குக் குடியேறினார். எனவே அம்மொழி சூலுவுக்கு மிக நெருங்கியது. தென்னாப்பிரிக்காவின் முமலாங்கா மாநிலத்தில் பேசப்படுவது வேறு. அம்மக்கள் ம்சிலிகாசிக்குப் பல தலைமுறை முன்பே அப்பகுதியில் வாழ்ந்தவர்கள். லிம்போபோ மாநிலத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு. சியர்வோகல் என்னும் மொழியியலார் 1959 இல் அதற்குத் தனி இலக்கணமே எழுதினார்.

கடற்கரைப் பக்கமிருந்து வந்த அயலாரை சோத்தோ மக்கள் 'மாட்டெபெலே' என்றழைத்தனர். அயலார் ஒருவரா, பலரா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை! பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று மக்களைக் குறிக்க 'அமா' என்னும் முன்னொட்டையும், மொழியைக் குறிக்க 'இசி' என்பதையும் சேர்த்து, அமாண்டெபெலே, இசிண்டெபெலே என்பர். தமிழில் ஒற்றெழுத்துக்கு முன் நாம் வசதிக்காக 'இ' சேர்த்து இண்டெபெலே என்கிறோம். வேடிக்கை என்னவெனில், அவர்கள் வழக்கில் அது அவ்வினத்து மனிதர் ஒருவரைக் குறிக்கும் சொல்!

'வடக்கு', 'தெற்கு' என்று சேர்த்தால் தீராதா? தீராது. ஜிம்பாப்வே மொழியும் 'வடக்கு', லிம்போபோ மொழியும் 'வடக்கு' எனப்படுகின்றன.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. தென்னாப்பிரிக்காவின் 1996 ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இசிண்டெபெலேயை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. நடைமுறையில் பாடநூல்களில் இடம்பெறுவது தெற்கத்திய மொழியே. லிம்போபோச் சிறுவன் தன் மொழியில் நூல் கேட்டால், "பட்டியலில்தான் இருக்கிறதே" என்று சொல்லிவிட முடியும். பெயர் ஒன்றானதால் அவன் குறை கண்ணுக்கே தெரிவதில்லை.

விலங்கியல் விதியை இங்கும் புகுத்தலாமா? கூடாது என்பேன். விலாங்கும் எக்கிட்னாவும் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்வதில்லை, இம்மக்கள் சொல்லிக்கொள்கின்றனர். அவர்களுள் எவரும் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வரைபடமும் பாடநூலும் எழுதும் வெளியாராகிய நாம்தான் ஜிம்பாப்வே இண்டெபெலே, முமலாங்கா இண்டெபெலே, லிம்போபோ இண்டெபெலே என்று ஊரையும் சேர்த்து அச்சிட வேண்டும். ஒரு சொல்லுக்கு இடம் போதும்.