முதல் மழையன்று போத்தல் பிடிப்பது யார்?

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்து நண்பகலில், கற்பிட்டிப் பக்கத்துக் குடியேற்றக் கிராமமொன்றில் வெள்ளை வாகனமொன்று வந்து நின்றது. அதிலிருந்து மூவர் இறங்கினர். ஊரின் வடிகால் நீரும் கிணற்று நீரும் எவ்வளவு மாசடைந்துள்ளன என்று அறிக்கை எழுதுவதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் அவர்கள். கிணறுகளில் நீர் எடுத்தார்கள். வடிகாலிலோ எடுப்பதற்கு நீர் இல்லை. மணலும் சருகும்தான் கிடந்தன. அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கே நின்ற ஒரு பெரியவர், 1990 வரை முசலிப் பக்கத்தில் வயல் செய்தவர், அவர்களில் இளையவரிடம் சொன்னார்: “தம்பி, இப்ப வந்து என்னத்தப் பாக்கப் போறீங்க? ஐப்பசியில முதல் மழை விழும். அண்டைக்கு வாங்க, இந்த வாய்க்கால் என்ன கொண்டு வருதெண்டு தெரியும்.” அந்த இளைஞர் நல்லவர். ஒளிக்காமல் பதில் சொன்னார்: “எங்கட ஒப்பந்தம் புரட்டாதியோட முடியுது ஐயா.”

நாம் இந்தப் பக்கத்தில் எழுத விரும்புவது அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் உள்ள பள்ளத்தைப் பற்றியே.

மழைநீர் தன்னளவில் தூய்மையானது. அது நிலத்தில் விழுந்து ஓடும்போதுதான் அழுக்கைச் சேர்க்கிறது. நமது கரையில் வைகாசி முதல் புரட்டாதி வரை பெரும்பாலும் வறட்சி. அந்த மாதங்களில் தெருவில் சிந்திய எண்ணெய், மாட்டுச் சாணம், கோழிக் கழிவு, தோட்டத்தில் மிஞ்சிய பசளை, கிருமிநாசினி, கடைத்தெருக் குப்பை எல்லாம் நிலத்தின் மேல் படிந்து கிடக்கும். முதல் பெருமழையின் ஆரம்ப ஓட்டம் அவற்றில் பெரும்பகுதியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்க் களப்பிலோ கிணற்றிலோ சேர்த்துவிடும். மூன்றாம் மழை, நான்காம் மழைக்குப் பிறகு ஓடும் நீர் எவ்வளவோ தெளிந்துவிடும். ஆகவே ஆடியில் எடுத்த மாதிரி வடிகாலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மார்கழியில் எடுத்தது பாதி உண்மையைத்தான் சொல்லும். முதல் மழையன்று அங்கே நிற்பவருக்கே முழு உண்மையும் தெரியும். அன்று அங்கே நிற்பவர் கொழும்பு ஆலோசகர் அல்லர். அந்த ஊரில் குடியிருப்பவரே.

ஆலோசகர்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பிரதேச சபையில் இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தெருவும் பார்க்க வேண்டும், கட்டடமும் பார்க்க வேண்டும். நீரின் இரசாயனத்தையும் அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆய்வுகூடமும் பொறியியலாளரும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். இது நமது வறுமையால் மட்டும் வந்த நிலையுமல்ல. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, நகரங்களின் மழைநீர் வடிகால்களையும் அனுமதிப் பத்திர முறைக்குள் கொண்டு வந்தார்கள். ஓர் இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கான விதிகள் 1990இல் வந்தன. சிறிய நகரங்களுக்கு 1999இல் வந்தன. அங்கும் சிறிய சபைகளிடம் போதிய ஆள் இல்லாததால் ஆலோசனை நிறுவனங்களை அமர்த்தினார்கள். ஆனால் சிறிய நகரங்கள் கட்டாயம் செய்யவேண்டிய ஆறு கடமைகளை அந்த விதி வகுத்தபோது, மக்களுக்கு அறிவூட்டுவதையும் மக்களைப் பங்குபெறச் செய்வதையும் அவற்றுள் இரண்டாகச் சேர்த்தது. ஊரார் பார்த்துக்கொண்டிராத வடிகாலை எந்த நிபுணரும் காக்க முடியாது என்பது அங்கும் தெரிந்திருந்தது.

நமது நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அறிக்கை பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வரவேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறிக்கையை எழுதும் ஆலோசகர்களை அமர்த்திச் சம்பளம் கொடுப்பவர் யார்? திட்டத்தைக் கொண்டு வருபவரே. மணமகன் வீட்டார் கூலி கொடுத்து அமர்த்திய தரகரிடம் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பது போன்றது இது. தரகர் பொய் சொல்லுவார் என்பதல்ல நமது முறைப்பாடு. கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லமாட்டார் என்பதே. தடித்த ஆங்கில அறிக்கையைக் கச்சேரியிலோ பிரதேச சபையிலோ போய் வாசித்து, 30 நாட்களுக்குள் மறுமொழி எழுதக்கூடிய வெங்காயத் தோட்டக்காரர் எத்தனை பேர்?

அருவக்காட்டை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டார்கள். அந்த மரணங்களின் பிறகு, தலைநகரின் குப்பையைச் சுமார் 170 கிலோமீற்றர் கடத்தி வண்ணாத்திவில்லுப் பிரதேசத்துக்குக் கொண்டு வரும் திட்டம் வேகம் பெற்றது. சீமெந்துத் தொழிலுக்குச் சுண்ணக்கல் தோண்டிய பழைய குழி நிலம் அது. ஒரு பக்கம் வில்பத்துக் காடு. அருகே கலா ஓயா களப்பில் விழும் கழிமுகம். சுண்ணக்கல் வெடிப்பும் பொந்தும் உள்ள கல். மேலே விழும் நீர் எங்கே போய்க் கிளம்பும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. குப்பையில் மழை விழுந்தால் வடிவது கறுப்பு நீர். அதைத் தடுக்க விரிப்பும் சுத்திகரிப்பும் உண்டு என்று சொல்லப்பட்டது. புத்தளம் மக்கள் 2018இன் பிற்பகுதியில் தொடங்கி மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள், இந்துக்கள் ஒரே பந்தலில் இருந்ததை நாம் நேரில் கண்டோம். 2019 ஆகஸ்டில் குப்பை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவ்விடத்தில் ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது.

அருவக்காடு பற்றி அறிக்கைகள் இல்லாமல் இல்லை. களப்பில் மீன் பிடிப்பவர், உப்பு வாய்க்கால் கட்டுபவர், அந்தப் பகுதியில் கிணறு வெட்டியவர் ஆகியோரின் கையில்தான் ஒன்றும் இல்லை. குப்பை வருவதற்கு முந்திய மழைக்காலங்களில் நமது கிணற்று நீர் எப்படி இருந்தது என்று நம்மிடம் எழுத்தில் இல்லாவிட்டால், பிந்திய காலத்தில் கெட்டுவிட்டது என்று எந்த மன்றில் நிரூபிப்போம்?

1990க்குப் பிறகு நமது முகாம்களில் நிரப்பப்பட்ட படிவங்களை அடுக்கினால் ஒரு கூரை உயரம் வரும். எத்தனை குடும்பம், எத்தனை மலசலகூடம், கிணறு எத்தனை அடி. மூன்றாண்டுக்கொரு திட்டம், திட்டத்துக்கொரு ஆலோசகர், அதே கேள்விகள். விடைகள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டன. இதில் நமது அமைப்புகளுக்கும் பங்குண்டு. படிவங்களோடு நாமும் வந்திருக்கிறோம்.

இன்னொரு உண்மையையும் பேசவேண்டும். அழுக்கு எல்லாமே கொழும்பிலிருந்து வருவதில்லை. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் களி நிலத்தில் நெல் செய்த நாம், கற்பிட்டி மணலுக்கு வந்து வெங்காயமும் மிளகாயும் செய்யக் கற்றோம். களியில் நீரும் பசளையும் தங்கும். மணலில் இரண்டும் நேரே கீழே இறங்கும். கீழே உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையொன்று மிதக்கிறது. அதிலிருந்துதான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம், குழந்தைக்கும் கொடுக்கிறோம். யூரியாவிலிருந்து பிறக்கும் நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீரில் அதற்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருப்பது முக்கியமாகப் பால்குடிக் குழந்தைகளை எண்ணியே. கற்பிட்டிக் குடாநாட்டின் கிணறுகளில் இந்த எல்லை மீறப்படுவதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். கண்டது நமக்கு வந்து சேர்ந்ததா?

தாமே காவல் காத்தவர்களின் கதையொன்றும் இதே கரையில் உண்டு. சிலாபம் முதல் புத்தளம் வரை, 1980களில் தொடங்கி, ஒல்லாந்தர் வாய்க்காலின் ஓரமாக இறால் பண்ணைகள் பெருகின. அனுமதி பெறாதவையும் அவற்றுள் பல. ஒருவர் கழிவுநீரை வாய்க்காலில் விட, அடுத்தவர் அதையே தன் குளத்துக்கு இறைத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது வாய்க்கால் வழியே பண்ணைக்குப் பண்ணை தாவிப் பலரைக் கடனாளியாக்கியது. பிறகு வந்த ஏற்பாடு எளிமையானது: பிரதேசத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று கால அட்டவணை போட்டார்கள். அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தார், நிபுணரும் இருந்தார். ஆனால் அயலவன் இரவில் குளத்தைத் திறந்துவிடுகிறானா என்று பார்த்தது விவசாயிகளின் சங்கம். நோய் அடியோடு ஒழியவில்லை. ஆயினும் தொழில் நிலைத்தது.

ஆகவே உங்கள் பிரதேச சபை வடிகாலுக்கோ குப்பைக்கோ ஆலோசகரை அமர்த்தும் செய்தி காதில் விழுந்தால், வேண்டாம் என்று சத்தமிடாதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். முதல் மழை மாதிரி அதில் உண்டா? ஊரின் இரண்டு இளைஞருக்கு மாதிரி எடுக்கப் பழக்குவார்களா? முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்தில் வைக்கப்படுமா? சொல்ல மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பியுங்கள்; காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு கொப்பி வாங்கட்டும். முதல் மழை விழுந்த திகதி, நேரம், வாய்க்கால் நீரின் நிறம், மணம், கிணற்றின் மட்டம், மீன் செத்து மிதந்தால் அதுவும். அன்றைக்கென்று சுத்தமான போத்தல்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். பழைய சோடாப் போத்தல் உதவாது. ஓட்டம் தொடங்கியதும் ஒன்று, ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. மேலே இடம், திகதி, நேரம் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே ஒப்படைக்க வேண்டும். ஐப்பசி மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் இறங்கும். பரிசோதகர் வீடு போய்விடுவார். அவருடைய கைத்தொலைபேசி இலக்கத்தைப் புரட்டாதியிலேயே வாங்கிவிடுங்கள்.