கடல் கடந்து கார் ஓட்டலாமா?

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் வீடு. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான ஆச்சி. கோடை விடுமுறைக்கு இலங்கை போவது என்று முடிவாகி விட்டது. மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு.

"டிரைவர் எதற்கு? அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுகிறேன்" என்கிறார் அப்பா.

ஆச்சிக்கு அடிவயிறு கலங்குகிறது. "இங்க டவுன்ல காரை நிறுத்த எடம் தேடி நாலு சுத்து சுத்துத. அங்க போயி மலையில ஓட்டப் போறியாக்கும்?"

பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "அண்ணாச்சி பதினஞ்சு வருஷமா கார் ஓட்டுதாங்க. நீங்க பயப்படாதீங்க ஆச்சி!"

யார் சொல்வது சரி? ஆச்சி சொல்வதில்தான் சரி அதிகம். ஆனால், அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டியது இல்லை. அப்பா மாற்றிக் கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவ்வளவுதான்.

தாத்தா நடந்த பாதை

சுற்றுலா பஸ்சில் போனால் பஸ் நிற்கும் இடத்தில்தான் இறங்க முடியும். கோவில், அருவி, கடைத்தெரு, ஓட்டல். பிறகு மீண்டும் பஸ். ஆனால் நெல்லைச் சீமை மக்களுக்கு இலங்கை மலைநாட்டில் பார்க்க வேறு ஒன்று இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் அங்கே காப்பித் தோட்டமும், பிறகு தேயிலைத் தோட்டமும் போட்டபோது கூலி வேலைக்கு ஆள் போனது தமிழ்நாட்டில் இருந்துதான். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் என்று பல சீமைகளில் இருந்தும் போனார்கள். கங்காணிகள் அழைத்துப் போனார்கள். மன்னார் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்த தாய்மார்களும் உண்டு. காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்து மாண்டவர்கள் ஏராளம்.

1964-ம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக் கொள்வது என்று ஆயிற்று. பல குடும்பங்கள் திரும்பி வந்தன. சில குடும்பங்களில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே.

அந்தத் தோட்டங்களும், லயன் வீடுகளும் பெரிய ரோட்டில் இல்லை. கிளைப் பாதையில் இருக்கின்றன. அங்கே பஸ் கம்பெனி யாரையும் கொண்டு போய்க் காட்டாது. ஒரு கார் கையில் இருந்தால், நினைத்த இடத்தில் நிறுத்தி, "எங்க தாத்தா இந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுத்தாராம்" என்று நாலு பேரிடம் விசாரிக்கலாம். இது ஒன்றே சொந்தமாக ஓட்டிப் போகப் போதுமான காரணம்.

இன்னொரு வசதியும் உண்டு. இலங்கையில் வழிகாட்டிப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியே எழுத்துக் கூட்டிப் படித்து வழி சொல்லலாம். வேறு எந்த வெளிநாட்டில் ஆச்சிக்கு இந்த வேலை கிடைக்கும்?

இடது பக்கமா, வலது பக்கமா?

சுவீடன் நாட்டில் ஒரு காலத்தில் நம்மைப் போல இடது பக்கம்தான் வண்டி ஓட்டினார்கள். 1967-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 5 மணிக்குச் சற்று முன்பு ரோட்டில் இருந்த வண்டிகள் எல்லாம் அப்படியே நின்றன. மெதுவாக வலது பக்கத்துக்கு மாறின. மணி ஐந்து அடித்ததும் வலது பக்கமாக ஓடத் தொடங்கின. ஒரு நாடு முழுவதும் ஒரே காலையில் மாறியது! அதற்குள் அந்த அரசாங்கம் எவ்வளவு காலம் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? நாலு ஆண்டுக்கு மேல்.

நாடே நாலு ஆண்டு பழகிச் செய்த காரியத்தை, ஒருவர் விமானத்தில் இருந்து இறங்கிய கையோடு செய்து விட முடியுமா? அமெரிக்காவிலும், ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஸ்டீரிங்கு காரின் இடது பக்கம் இருக்கும். நேர் ரோட்டில் பிரச்சினை வராது. நாற்சந்தியில் திரும்பும்போதுதான் பழைய கை பழைய பக்கத்துக்கே போகும்.

ஆகவே முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு, நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகியவை அப்படிப்பட்டவை. அந்த வகையில் அப்பாவின் முடிவு சரி.

ஆயிரம் ரூபாய்ச் சீட்டு

நம் ஊர் லைசென்சை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஓட்ட முடியாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வேண்டும். 1949-ல் ஜெனீவா நகரில் பல நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தில் இருந்து வந்தது இது. லைசென்சு வாங்கிய ஆர்.டி.ஓ. ஆபீசில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் லைசென்சு காலாவதி ஆனால், இதுவும் அன்றே காலாவதி.

இலங்கையில் இதோடு வேலை முடியாது. அந்தச் சீட்டுக்கு அங்குள்ள ஆட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அல்லது அந்நாட்டு மோட்டார் போக்குவரத்துத் துறையிடம் தற்காலிக லைசென்சு வாங்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்கு ஒரு கவுண்டர் திறந்தார்கள். டிக்கெட்டு போடுவதற்கு முன்பே அன்றைய விதியைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. வெளிநாட்டு விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

இந்த இடத்தில் அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பணம் கட்டி, பாஸ்போர்ட்டும் லைசென்சும் காட்டினால் சர்வதேசச் சீட்டு வந்து விடுகிறது. "மலைப் பாதையில் ஓட்டியிருக்கிறாயா? மழையில் ஓட்டியிருக்கிறாயா?" என்று யாரும் கேட்பதில்லை. 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன என்று மத்திய அரசின் கணக்கு சொல்லுகிறது. செத்தவர்கள் 17,884 பேர். நாள் ஒன்றுக்கு 49 உயிர்! பழகிய ரோட்டிலேயே இந்தக் கதி. பழகாத நாட்டுக்கு அனுப்பும்போது அரை நாள் பயிற்சியாவது கொடுத்து அனுப்பினால் என்ன குறைந்து போகும்?

பாதி தூரம், அதே நேரம்

அப்பா போட்டிருக்கும் திட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் காலை கொழும்பு. மதியம் கண்டி. மாலை நுவரெலியா. "எல்லாம் சேர்த்து இருநூறு கிலோமீட்டருக்குள்தான்!" என்கிறார்.

தப்பு இங்கேதான்.

நெல்லையில் இருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். நான்கு வழிச் சாலையில் இரண்டரை மணி நேரத்தில் போய் விடலாம். கண்டியில் இருந்து நுவரெலியா அதில் பாதி தூரம்தான். ஆனால் அதற்கும் இரண்டரை மணி நேரம் ஆகும். காரணம், வளைவுகள். பொதிகை மலையின் அகத்தியர் சிகரம் 1,868 மீட்டர் உயரம். ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தச் சிகரம்! ஏறக்குறைய அதே உயரத்தில் நுவரெலியா ஊரே இருக்கிறது. கார் அவ்வளவு ஏற வேண்டும். திரும்பி வரும்போது அவ்வளவு இறங்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கினால் பிரேக்கு சூடேறிப் பிடிக்காமல் போய் விடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் அதிலும் சிறு கியரில் வைத்து இறங்க வழி உண்டு. அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும்.

2025-ம் ஆண்டு மே மாதம் றம்பொடை அருகே ஒரு பஸ் பள்ளத்தில் உருண்டு 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல அருகே இன்னொரு பஸ் உருண்டு 15 பேர் மாண்டார்கள். மலை ரோட்டில் தொழில் முறையாக பஸ் ஓட்டுகிறவர்களுக்கே இப்படி நேர்கிறது.

முதலில் நம்ம ஆற்றங்கரை

அதனால், விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும்.

முதல் ஞாயிறு, நெல்லையில் இருந்து பாபநாசம். ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாக வயல்களை ஒட்டிப் போகும் பாதை. அறுவடைக் காலம் என்றால் ரோட்டிலேயே நெல் காயும். வாத்துக் கூட்டம் குறுக்கே போகும். எதிரே அறுவடை எந்திரம் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். ஆரன் அடித்து என்ன பயன்? பொறுமையாக நின்று போகப் பழக வேண்டும். வெளிநாட்டு நாட்டுப்புறத்திலும் இதே காட்சிதான். வாத்துக்குப் பதில் மாடு.

இரண்டாவது ஞாயிறு மலை. மாஞ்சோலைப் பாதை நல்ல பயிற்சிதான். ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் கார் போக முடியாது. அதைவிடச் செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மலை வரை போய் வரலாம். வளைவில் சரக்கு லாரிகள் வரும். கனமான வண்டிக்குப் பின்னால் அவசரப்படாமல் ஏறிப் பழகி விட்டால், கண்டிச் சாலை பயமாக இருக்காது.

இந்தப் பயிற்சிக்கு வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானே ஓட்டிப் போக வாடகைக்கு விடும் காருக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் இருக்கும். வெள்ளைப் பலகை போட்ட சொந்தக் காரை யாராவது மலிவாக வாடகைக்குத் தந்தால் வாங்காதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்சு கம்பெனி கையை விரித்து விடும்.

அம்மாவுக்கு லைசென்சு இருந்தால் அவரும் சேர்ந்து ஓட்டிப் பழக வேண்டும். சர்வதேசச் சீட்டும் இருவர் பெயரிலும் வாங்க வேண்டும். நடு மலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் காரை யார் ஓட்டுவது? ஆச்சியா?

மழையும் யானையும்

குற்றாலத்தில் சாரலைக் கொண்டு வரும் தென்மேற்குப் பருவக் காற்றேதான் இலங்கை மலைகளிலும் மழையைக் கொட்டுகிறது. மே மாதக் கடைசியில் தொடங்கி விடும். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்தால் நுவரெலியா நெருக்கடியாக இருக்கும். மே முதல் இரண்டு வாரங்கள் தோதானவை. அப்படியும் ரேடியோச் செய்தியைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணிக் கரை எப்படி ஆனது என்பது நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. 2025 நவம்பரில் டிட்வா புயல் இலங்கையில் மலைச் சரிவுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மலை ரோடுகள் பல துண்டிக்கப்பட்டன. "ரோடு மூடியிருக்கிறது" என்று போலீசார் சொன்னால், திரும்பி விட வேண்டியதுதான். ஓட்டலுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும்.

போன் காட்டும் குறுக்கு வழியை நம்பித் தோட்டப் பாதையில் இறங்காதீர்கள். பெரிய ரோட்டிலேயே போங்கள். கிளைப் பாதைக்குப் போகும்முன் அங்குள்ள கடைக்காரரிடம் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். ஹபரண பக்கம் போனால் அந்தி சாய்வதற்குள் தங்கும் இடம் சேர வேண்டும். அங்கே யானை ரோட்டுக்கு வரும். பழம் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடவே கூடாது.

காரை வாங்கும்போது

அங்கே வாடகைக் காரை வாங்கும்போது, சாவி கைக்கு வருமுன் காரைச் சுற்றி வந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கொள்ள வேண்டும். பழைய கீறலுக்கெல்லாம் பிறகு பணம் கேட்டால், அந்தப் போட்டோதான் சாட்சி. மாற்று டயரும் ஜாக்கியும் இருக்கிறதா, டயரில் காற்றும் பட்டையும் சரியா, மழைத் துடைப்பான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சூரன்சில் எவ்வளவு வரை நாம் கைக்காசு கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முன் சீட்டு, பின் சீட்டு எல்லாருக்கும் பெல்ட்டு. ஆச்சிக்கும்தான்.

இலங்கைப் போலீசை அழைக்க 119. ஆம்புலன்சுக்கு 1990. இந்த ஆம்புலன்சு சேவை இந்தியாவின் உதவியோடு 2016-ல் தொடங்கியது; கட்டணம் இல்லை. இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளிடமும் ஒரு சீட்டு கொடுத்து வைக்கலாம்.

அப்பாவின் முதல் நாள் திட்டத்தையும் அடித்துத் திருத்தி விடலாம். விமானம் இறங்கிய அன்று ஸ்டீரிங்கைத் தொட வேண்டாம். பக்கத்தில் நீர்கொழும்பு இருக்கிறது. அங்கே ஒரு இரவு தூங்கிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண்டிக்குப் புறப்படலாம். நுவரெலியா அதற்கு அடுத்த நாள்.