பிரவுனிங்கின் பேரப்பிள்ளைகள்: ஓசூர் எல்லையில் கைத்துப்பாக்கி படும் பாடு

2021-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, வெள்ளிக்கிழமை. ஓசூர் பாகலூர் சாலையில் உள்ள ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் காலை வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கைத்துப்பாக்கிகளுடன் ஒரு கும்பல் உள்ளே நுழைந்தது. காவலாளியையும் ஊழியர்களையும் மிரட்டி ஒடுக்கிவிட்டு 25 கிலோ தங்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. மறுநாளே ஐதராபாத்துக்கு அருகே கும்பல் பிடிபட்டது. தங்கம் கிடைத்தது. 7 கைத்துப்பாக்கிகளும் ஏராளமான தோட்டாக்களும் கிடைத்தன. கும்பலைக் காட்டிக்கொடுத்தது யாருடைய துப்பாக்கியும் அல்ல; நகைப் பையில் இருந்த ஒரு சிறிய ஜி.பி.எஸ். கருவி!

இப்படி ஒரு கொள்ளை நடந்த ஊரில், "நாமும் ஒரு பிஸ்டல் வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்தால் என்ன?" என்ற எண்ணம் நாலு காசு உள்ளவர்களுக்கு வருவது இயல்புதான். சனிக்கிழமை தோறும் கூலிப் பணத்தைக் கையாளும் பட்டறை முதலாளி, ஊருக்கு வெளியே தோட்டத்து பங்களாவில் குடியிருப்பவர், நகைக்கடைக்காரர் ஆகியோர் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதத் தொடங்குகிறார்கள். லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு கைக்கு வருவது என்ன? அது உயிரைக் காக்குமா? இதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கப் போகிறோம்.

வாஞ்சி கையில் இருந்தது

கைத்துப்பாக்கிகளில் இரண்டு ஜாதி உண்டு. உருளை சுழலும் ரிவால்வர் ஒன்று. கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிய மேகஸின் செருகிச் சுடும் பிஸ்டல் மற்றொன்று. பிஸ்டலில் ஒரு முறை சுட்டதும் மேல்மூடி தானாகப் பின்னால் ஓடி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். விசையை மறுபடி அழுத்தினால் போதும்.

இந்தப் பிஸ்டலுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜான் மோசஸ் பிரவுனிங். 1855-ல் பிறந்த அமெரிக்கர். பெல்ஜியம் நாட்டின் எஃப்.என். கம்பெனிக்காக இவர் செய்து கொடுத்த பிஸ்டல்கள் உலகமெங்கும் பரவின. தமிழர்களுக்கும் அது அந்நியமல்ல. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்தான்.

பிரவுனிங் 1926-ல் காலமானார். அவர் பாதியில் விட்ட ஒரு பிஸ்டலை சேவ் என்ற பெல்ஜிய நிபுணர் முடித்து, 1935-ல் வெளிவந்தது 'ஹை பவர்'. 13 தோட்டா கொள்ளும். 9 மில்லிமீட்டர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் அதை எடுத்துக்கொண்டன. இரண்டாம் உலக யுத்தத்தில் கனடாவின் இங்கிலிஸ் கம்பெனியும் அதைச் செய்தது. அந்தக் கனடா மாதிரியைப் பின்பற்றித்தான் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை நமது ராணுவத்துக்கு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் செய்து கொடுத்தது.

அசல் கம்பெனி 2018-ல் ஹை பவருக்கு மூடுவிழா நடத்தியது. ஆனால் பழைய அழகுக்கு ஆசைப்படுவோர் குறையவில்லை. துருக்கியில் கிர்சான் என்ற கம்பெனியும், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு கம்பெனியும் அதே உருவத்தில் புது நகல்களைக் கொண்டுவந்தன. பிறகு எஃப்.என். கம்பெனியே 2022-ல் அதே பெயரில் வேறொன்றைச் செய்து சந்தைக்கு வந்தது. அங்கே வாங்கியவர்கள் வாதிடும் விஷயங்களைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அசலில் சுத்தியல் பின்னால் வரும்போது கையின் சதையைக் கடிக்குமே, நகலில் கடிக்கிறதா? மேகஸினை உருவினால் சுடாது என்ற பழைய பூட்டு இருப்பது நல்லதா, அதனால் விசை கனக்கிறதா? இவைதான் அவர்களுக்குக் கவலை!

நமது ஓசூர்க்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. ஏனென்றால் ஹை பவரை, அசலோ நகலோ, அவர் தொடவே முடியாது. 9 மில்லிமீட்டர் என்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட குழல் அளவு. ராணுவமும் போலீசும் சுடும் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது இதன் தத்துவம். சாமானிய லைசென்ஸ்தாரருக்குக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 தான்.

பெயர் அசனி, விலை லட்சம்

.32 பிஸ்டல் தோட்டாவும் பிரவுனிங் செய்ததே. வயது நூற்றியிருபதைத் தாண்டிவிட்டது. அதைச் சுடுவதற்கு மத்திய சர்க்காரின் படைக்கலத் தொழிற்சாலைகள் 'அசனி' என்ற பிஸ்டலைச் செய்கின்றன. அசனி என்றால் இடி. உருவத்திலும் உள்ளமைப்பிலும் பிரவுனிங்கின் பழைய சட்டைப்பைப் பிஸ்டல்களின் வழியில் வந்தது. ரிவால்வர் வேண்டுமென்பவருக்கும் கதை இதுவே. சர்க்கார் .32 ரிவால்வரின் மூலம் இங்கிலாந்தின் வெப்ளி. அந்த வெப்ளி கம்பெனியின் பெயரிலேயே 2020 முதல் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் ஜில்லாவில் ரிவால்வர் செய்கிறார்கள்.

அசல் வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால்? 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி அடைக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் வந்தவைதான் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. தாத்தா காலத்துப் பிரவுனிங்குக்கும் வால்தருக்கும் பல லட்சம் சொல்கிறார்கள். அதனால் நகல்தான் கதி.

லைசென்ஸ்தாரர்கள் கூடும் இடத்தில் இந்த நகலைப் பற்றிப் புகழுரை அதிகம் கேட்பதற்கில்லை. தோட்டா பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது, மேகஸின் ஸ்பிரிங் தளர்கிறது, விசை கனம், மேல் மெருகு கரடுமுரடு என்பவை பரவலாகக் காதில் விழும் குறைகள். சிக்கலுக்கு ஒரு பங்கு காரணம் தோட்டாவின் பிறவிக் குணம். .32 தோட்டாவின் அடியில் சிறு விளிம்பு உண்டு. மேகஸினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், இழுத்தாலும் வராது. அடுக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அடுக்கவும் சுடவும் எங்கே பழகுவது? லைசென்ஸில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. ஆசை தீரச் சுட்டுப் பழகிவிட்டால் ஆபத்துக் காலத்துக்கு மிஞ்சாது. ஆகவே பலர் சுடுவதே இல்லை. ஐந்தாறு வருஷம் பெட்டியில் கிடந்த பிஸ்டல், ஒருநாள் கூடச் சுடப்படாத பிஸ்டல், திருடன் வரும் ராத்திரியில் மட்டும் ஒழுங்காக வெடிக்கும் என்று எதிர்பார்ப்பது லாட்டரிச் சீட்டை நம்புவது போலத்தான். (பழக்கமில்லாதவருக்கு ரிவால்வரே மேல் என்பது அடியேன் அபிப்பிராயம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை தானாக வந்து நிற்கும்.)

விலை? ஏறக்குறைய ஒரு லட்சம், வகையைப் பொறுத்து அதற்கு மேலும். வரி தனி. 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு ஆகிவிட்டது. பான் மசாலா, உல்லாசப் படகு, 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ஆகியவற்றோடு பிஸ்டலும் ரிவால்வரும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. உயிர் பாதுகாப்புக்கு என்று மனு வாங்கி, தீர விசாரித்து லைசென்ஸ் கொடுக்கும் அதே சர்க்கார், வரி போடும்போது மட்டும் அதை உல்லாசச் சாமானாகப் பார்க்கிறது!

சோதனைச் சாவடியும் தேர்தலும்

ஓசூர்வாசிக்கென்றே ஒரு விசேஷத் தொல்லை உண்டு. ஊரைத் தாண்டினால் ஜூஜூவாடி. அப்பால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பலருக்கு வீடு ஓசூரில், வியாபாரம் பெங்களூரில். காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். துப்பாக்கி லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் சாவடியைத் தாண்டிய நிமிஷம் இடுப்பில் இருப்பது குற்றப் பொருளாகிவிடும். பெங்களூர்ச் சாலையில் பணப்பையோடு போகும்போது துணை வேண்டுமென்றுதானே வாங்கினார்? அந்தச் சாலையிலேயே அது கூட வர முடியாது.

அதே கர்நாடகத்தில் குடகு நாட்டவருக்கு நிலைமை வேறு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் பிரிட்டிஷார் காலந்தொட்டு லைசென்ஸ் விலக்கு உண்டு. மத்திய சர்க்கார் 2019-ல் அதைப் பத்து வருஷத்துக்கு நீட்டியது.

அடுத்தது தேர்தல். தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலாளி போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. யாருக்குத் தேவை என்று பார்க்கும் குழுவும் உண்டு. 2019-ல் பாராளுமன்றம், 2021-ல் சட்டசபை, 2024-ல் மறுபடி பாராளுமன்றம். 2024-ல் அறிவிப்பு மார்ச் 16-ல் வந்தது. தமிழ்நாடு ஏப்ரல் 19-லேயே ஓட்டுப் போட்டுவிட்டது. ஆனால் வடக்கே கட்டம் கட்டமாக நடந்து ஓட்டு எண்ணியது ஜூன் 4-ல்தான். ஏறக்குறைய 80 நாள்! ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு கொடுத்த ஆயுதம் அத்தனை நாளும் அவர் வீட்டில் இல்லை. ஓட்டுப்பதிவில் அமைதி வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெட்டிகளுக்கு சீல் வைத்த பிறகும் ஏன் என்பதுதான் கேள்வி.

'பர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம்' என்று கேலி செய்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்த ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆயினும் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம் என்று சொல்லும் கட்சி நமதல்ல. 1962-ல் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டமும், ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாகக் குறைத்த 2019 திருத்தமும் இருக்கட்டும். கல்யாண ஊர்வலத்தில் கொண்டாட்டமாகச் சுடுகிறவருக்கு 2 வருஷம் வரை சிறை என்று அத்திருத்தம் சொல்வதும் நல்லதே.

லைசென்ஸ் கேட்காத நகல்

இது இப்படியிருக்க, பாகலூர் சாலைக்கு வந்த கும்பல் எந்த கலெக்டர் ஆபீசிலும் மனுப் போட்டு நின்றதில்லை. பீகாரில் முங்கேர் என்ற ஊர். மீர் காசிம் 18-ம் நூற்றாண்டில் துப்பாக்கிப் பட்டறை வைத்த இடம். இன்றைக்கும் லைசென்ஸ் பெற்ற பட்டறைகள் அங்கே உண்டு. அவற்றின் நிழலில் கள்ளப் பட்டறைகளும் உண்டு. 7.65, 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களை உலைக்கூடத்திலும் லேத்திலும் நகல் எடுத்து, பக்கத்தில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று முத்திரையும் குத்தி அனுப்புகிறார்கள். இந்த 7.65 என்பது வேறொன்றுமல்ல; நமது .32 தான். பிரவுனிங்கின் பேரப்பிள்ளைகளில் ஒருவன் வரி கட்டி, ரசீது வாங்கி, தேர்தலுக்கு ஸ்டேஷனில் படுக்கிறான். மற்றொருவன் ரயிலேறி ஊர் சுற்றுகிறான்.

கிருஷ்ணகிரி ஜில்லாவின் மலைப் பக்கம் போனால் இன்னொரு நகல். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் இருப்பது பிஸ்டல் அல்ல, நாட்டுத் துப்பாக்கி. முன்வாய் வழியாகக் கருமருந்தும் பால்ரஸ் குண்டும் கெட்டித்துச் சுடுவது. உருவத்தில் பிரிட்டிஷ் காலத்துப் பழசு. கொல்லுலையில் பிறந்த புதுசு. ராகி கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி காடு வழியாக இறங்குகிறது. காட்டுப் பன்றி வருஷம் முழுவதும். பயிரைக் காக்க என்று சொல்லி வைத்திருப்பவரும் உண்டு; வேட்டைக்கு வைத்திருப்பவரும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இன்று ஜெயில் நிச்சயம். தானாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீசார் அவ்வப்போது தண்டோரா போடுவதும், துப்பாக்கிகள் ஊர்ப் பொது இடங்களில் போடப்பட்டுக் கிடப்பதும் இந்தப் பக்கத்துச் செய்திதான்.

2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் காட்டுப் பன்றி விஷயத்தில் ஓர் ஏற்பாடு அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையார் மட்டுமே. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் அஞ்செட்டி விவசாயிக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு பயன் என்பதை அந்தந்த ஊர் வரைபடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

லேத்து உண்டு, ஆர்டர்?

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வேடிக்கை. ஒரு பிஸ்டலில் இருப்பது என்ன? நல்ல எஃகு, சரியான பதம், நுட்பமான கடைசல், ஒழுங்கான ஸ்பிரிங். இதில் எது ஓசூரில் இல்லை? கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்கிற ஊர். சிப்காட் சுற்றுவட்டாரத்துச் சிறு பட்டறைகளில் மயிரிழை பிசகாமல் உதிரி பாகம் கடைகிறார்கள். 2019 ஜனவரி 20-ல் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு மையம். 2021 அக்டோபர் 1-ல் பழைய படைக்கல வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகள் ஆக்கினார்கள். இஷாப்பூரும் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றில் ஒன்றான, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் வந்தன. தனியாரும் லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி செய்ய 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் வழி விடுகின்றன.

லட்சம் ரூபாய் பிஸ்டலில் மேகஸின் ஸ்பிரிங் தளர்கிறது என்று குறை சொல்கிறவரின் வீட்டுக்கு ஒரு கல்லெறி தூரத்தில், கார் இன்ஜினுக்கு வால்வு ஸ்பிரிங் சுற்றும் பட்டறை ஓடிக்கொண்டிருக்கும். கான்பூர் கம்பெனி அந்தப் பட்டறைக்கு ஒரு விலைப்புள்ளி கேட்டு எழுதிப் பார்க்கலாம். விற்கும் ஒவ்வொரு பிஸ்டலையும் வாங்குகிறவர் கண்ணெதிரே ஒரு மேகஸின் சுட்டுக் காட்டிக் கொடுக்கலாம். கிருஷ்ணகிரி ஜில்லாவில் லைசென்ஸ்தாரர்கள் பணம் கட்டிச் சுட்டுப் பழக ஒரு மைதானத்தை, போலீஸ் மேற்பார்வையிலேயே, திறந்து வைக்கலாம். மூன்றில் கடைசியானதற்கு கலெக்டரும் போலீஸ் சூப்பரின்டென்டும் மனம் வைத்தால் போதும். டில்லி வரை போக வேண்டியதில்லை.