நுரையீரலைச் சூழும் நீர்

நுரையீரலைப் போர்த்திய இரு சவ்வுகளுக்கு நடுவே சில மில்லிலிட்டர் நீர் இயல்பாகவே உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது லிட்டர் கணக்கில் பெருகக்கூடும். இதயச் செயலிழப்பு, ரத்தத்தில் அல்புமின் குறைவு, நிமோனியா எனக் காரணங்கள் பல. மதுரை வட்டாரத்தில் காசநோயையும் முதல் வரிசையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வட்டாரத்தின் தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இயங்குகிறது. படுத்திருப்பவரின் எக்ஸ்ரேயை மட்டும் நம்புவது தவறு: நீர் முதுகுப்புறமாகப் பரவிவிடுவதால் படத்தில் லேசான மங்கல்தான் தெரியும். கட்டிலருகே செய்யும் அல்ட்ராசவுண்டோ நீரின் அளவையும் உள்ளே ஓடும் நார்த் தடுப்புகளையும் உடனே காட்டிவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போலக் கூட்டம் மிகுந்த இடங்களில், வென்டிலேட்டரில் இருப்பவரை சி.டி. அறைவரை தள்ளிச் செல்லும் ஆபத்தை அது பலமுறை தவிர்க்கும். அல்ட்ராசவுண்ட் கருவி ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இருந்தாக வேண்டும். ஊசியால் எடுத்த நீரை வகைப்படுத்த 1972-இல் ரிச்சர்ட் லைட் குழுவினர் தந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதியைத் தாண்டினால் தொற்று, புற்று போன்றவற்றைத் தேட வேண்டும். நீரில் லிம்போசைட் எனும் வெள்ளணுக்களும் ஏ.டி.ஏ. (அடினோசின் டிஅமினேஸ்) நொதியின் அளவும் மிகுந்திருந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். இதயத்தால் சேர்ந்த நீர் பெரும்பாலும் சிறுநீர்ப் பெருக்கி மருந்திலேயே வற்றும். சீழ் வந்தாலோ, தொற்றுள்ள நீரின் பி.எச். 7.2-க்குக் கீழே இறங்கினாலோ அதை வடிக்க நெஞ்சில் குழாய் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. விலா எலும்பின் கீழ்விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் ஊசி மேல்விளிம்பை ஒட்டியே நுழைய வேண்டும். ஒரே தடவையில் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நெஞ்சு இறுக்கமோ விடாத இருமலோ தொடங்கினால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.