நோவறியாத பாதம்

காலில் முள் தைத்ததும் துடித்துப் பாதத்தைத் தூக்குகிறோம். நோவை நாம் பகையாகக் கருதுகிறோம்; உண்மையில் அது உடலைக் காக்கும் காவற்காரன். அக்காவற்காரன் உறங்கிவிட்டால் பாதத்திற்கு யாது நேரும் என்பதை, நீரிழிவுக்காரர் உள்ள குடும்பத்தார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

குருதியில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருந்தால், பாதத்து நரம்புகள் பழுதுற்று உணர்ச்சி மங்கும். குருதிக் குழாய்கள் ஒடுங்கிப் போதிய இரத்தம் கால்விரல்களை எட்டாமலும் போகலாம். அப்போது சிறு கல் உறுத்தினாலும் சப்பாத்து கடித்தாலும் தெரிவதில்லை. தோல் தடித்து, அதன் அடியில் சிதைந்து புண்ணாகும். “நோவில்லையே, தானாக ஆறிவிடும்” என்றிருப்போர் காலையே இழக்க நேர்வதுண்டு.

கண்டியில் வாழ்வோர் இதில் சிறப்பாக விழிப்புடன் இருத்தல் நன்று. தலதா மாளிகையிலும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலும் பாதரட்சையைக் கழற்றிய பின்னரே உட்செல்கிறோம். நண்பகலில் காய்ந்த கல்தரை, உணர்ச்சியற்ற பாதத்தைச் சுட்டுக் கொப்புளமாக்கும், சுட்டதோ தெரியாது. ஆதலின் நீரிழிவுக்காரர் வெயிலேறுமுன்னரோ மாலையிலோ வழிபடச் செல்க. சுற்றிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களிலோ மழையும் சேறும் அட்டைக்கடியும் உண்டு. ஈரம் ஊறிய விரலிடுக்கு எளிதில் வெடித்துக் கிருமிக்கு வாயில் திறக்கும்.

புண் வந்தபின் அதை ஆற்றும் வழியை வளர்த்ததில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. தொழுநோயும் பாத உணர்ச்சியைக் கெடுப்பது. 1930களில் டாக்டர் மில்ரோய் போல் என்னும் இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர், தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு, எலும்பு முறிந்தவர்க்குப் போடும் பிளாஸ்டர் கட்டைப் பயன்படுத்தினார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் போல் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இம்முறையைக் கையாண்டார். தசை தானே அழுகுவதால் அன்று, நோவறியாது மீண்டும் மீண்டும் மிதிப்பதாலேயே புண் உண்டாகிறது என அவர் தெளிந்தார். 1966இல் அமெரிக்கா சென்றபின், நீரிழிவுப் புண்ணுக்கும் அதுவே பொருந்தும் என்று காட்டினார்.

கட்டின் இரகசியம் எளிது. அது உடலின் பாரத்தைப் பாதம் முழுவதிலும் காலிலும் பரப்பிப் புண்ணுக்கு ஓய்வளிக்கிறது. எத்துணை நல்ல மருந்திட்டாலும், புண்ணை மிதித்து நடப்பவர்க்கு அது ஆறுதல் அரிது. எனினும் இக்கட்டு எல்லார்க்கும் ஏற்றதன்று. கிருமி பரவியிருப்பினும் இரத்த ஓட்டம் குன்றியிருப்பினும் வேறு சிகிச்சை வேண்டும். அதனை மருத்துவரே தீர்மானிப்பார்.

வராமற் காப்பதே மேல். நாள்தோறும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்க்க. குனிய இயலாத பெரியவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அதனினும் நல்ல பணிவிடை ஏது? பாதத்தை இளஞ்சூட்டு நீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமறத் துடைக்க. நீரின் சூட்டை முழங்கையால் அறிக. நகத்தை நேராக வெட்டுக. வீட்டிலும் வெறுங்காலுடன் நடவாதிருக்க. சப்பாத்தை அணியுமுன் உள்ளே கையிட்டுத் தடவுக. ஆணிக்காலைப் பிளேடால் சீவுதலும், புண்ணில் பச்சிலை அரைத்துப் பூசுதலும், கொதிநீரில் காலை வைத்தலும் ஆகா. புகைத்தலை அறவே விடுக.

பாதம் சிவந்து வீங்கினாலோ, சீழோ துர்நாற்றமோ கண்டாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மறுநாள் பார்ப்போம் என்றிராமல் அன்றே கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ செல்க. நோவில்லை என்பது நலத்தின் அடையாளமன்று. காவற்காரன் உறங்கிய வீட்டில், கண்ணே காவல் நிற்க வேண்டும்.